தூணுக்காக வெட்டிய கம்பளம்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே கிடையாது. சாஸ்தெப்பே கிராமத்துப் பள்ளிவாசலில் முப்பது வருஷமாக மோதினாராக இருக்கிறேன். மினாராப் படியேறிப் பாங்கு சொன்ன காலத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் சொல்வேன். கீழே பார்த்தால் தலை சுற்றும். ஜனங்கள் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். அதனால் பள்ளிவாசலுக்கு ஒலிபெருக்கி வந்தபோது ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவன் நான். என் கெட்ட காலமும் அதை ஏற்றி வந்த வேனில்தான் வந்து இறங்கியது.

எண்பத்து நான்காம் வருஷம். பனி உருகித் தெருவெல்லாம் சேறு. நெவ்ஸாத் என்கிற கம்பள வியாபாரி பள்ளிவாசலுக்குள் நுழைந்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"மோதினார் அண்ணே, இது கம்பளமா, இல்ல செத்த ஆடா? இதுல நெத்தி வெச்சா ஆளு எந்திரிப்பானா?"

அவன் சொன்னதிலும் பொய்யில்லை. எங்கள் பக்கத்தில் மவுத்தானவரை வீட்டிலிருக்கிற நல்ல கம்பளத்தைப் போர்த்தித்தான் தூக்கிக்கொண்டு போவோம். அடக்கம் முடிந்ததும் கம்பளம் பள்ளிவாசலுக்குச் சேர்ந்துவிடும். இதுவும் அப்படி வந்ததுதான். யாரைப் போர்த்திய கம்பளம் என்று தெரிந்தவர்களெல்லாம் தாங்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நனைந்த செம்மறி வாடை அடிக்கும். அடுப்புக் கங்கு விழுந்து கறுப்பாய் ஒரு பொத்தல். ஓரத்தில் ஒரு சதுரம் இருக்காது. அந்தச் சதுரத்தை வெட்டியவன் நான்தான். கம்பளத்தின் ஓரம் நடுத்தூணில் முட்டிச் சுருண்டு நின்றது, கிழவர்கள் தடுக்கித் தடுக்கி விழுந்தார்கள். ஆட்டு ரோமம் கத்தரிக்கிற கத்தரியை எடுத்துத் தூணின் அளவுக்கு வெட்டிவிட்டேன். வெட்டின துண்டு, சூடான சட்டி இறக்கி வைக்க என் மனைவி குல்சுமுக்கு உபயோகப்பட்டது.

நெவ்ஸாத் பழசை எடுத்துக்கொண்டு அதே அளவில், அதே மாதிரிப் பூ வேலையோடு, பளபளவென்று சிவப்பாக ஒரு மெஷின் கம்பளம் கொடுத்தான். கூடவே ஒலிபெருக்கி. ஊர் மொத்தமும் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தது. புதுசையும் அதே கத்தரியால் தூணுக்காக வெட்டிப் போட்டேன். நெவ்ஸாத் ஒரு விற்பனைத் தாளை நீட்டினான். எங்கள் ஊர்த் தலைவன் முக்தார் ஹைரி என் முதுகில் தட்டினான்.

"டேய் ஷுக்ரு, உன் எழுத்துதான் முத்து முத்தா இருக்கும். நீயே போட்டுடு."

போட்டேன். விற்றது ஊர், கையெழுத்து மட்டும் என்னுடையது.

பதினைந்து வருஷம் அதை மறந்தே போய்விட்டேன். ஒரு நாள் டீக்கடை டி.வி.யில் சொன்னார்கள்: பள்ளிவாசல் கம்பளங்களையெல்லாம் ஐரோப்பாக்காரர்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம், எங்கோ ஒரு மோதினாருக்கு எட்டு வருஷம் ஜெயிலாம். அடுத்த வாரம் கடிதம் வந்துவிட்டது. மரபுச் சொத்து எண்ணும் வாரியம். 'தங்கள் பள்ளிவாசலின் கம்பளம் வியாழக்கிழமை எண்ணப்படும். எண்ணப்படும் சமயத்தில் அது இருந்தாக வேண்டும்.'

"ஏங்க, ஊரே சேர்ந்து பண்ணதுக்கு நீங்க மட்டும் ஏன் இப்படி வெலவெலத்துப் போறீங்க?" என்றாள் குல்சும்.

"ஊருக்குக் கையெழுத்து இல்லடி. எனக்கு இருக்கு."

"உங்களுக்கு எழுதச் சொல்லிக் கொடுத்தவன் கை வெளங்காமப் போக."

அன்றைக்கே அந்தச் சட்டித் துண்டை அடுப்பில் போட்டாள். ரோமம் பொசுங்கின நாற்றம் இரண்டு நாள் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்து, விருந்தா என்று கேட்டுவிட்டுப் போனாள். எனக்கு அந்த இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை மூன்று கார், ஒன்பது பேர். முன்னால் கிராமப் போலீஸான ஜாந்தர்மாவின் ஜீப் ஒன்று. ஜீப்பைப் பார்த்ததும் எனக்குக் கக்கூஸ் போக வேண்டும் போலிருந்தது. வாரியத் தலைவர் துர்குத் பே இறங்கினார். பெரிய மனிதர்களை நாங்கள் 'பே' என்போம். அரசாங்கமே கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தாற்போல இருந்தார். பின்னாலேயே கம்பளப் பிரிவு நிபுணர் பெரிஹான் அம்மா, தலையில் முக்காடும் கையில் பூதக்கண்ணாடியுமாக.

வாரியத்தின் விதிப்படி எந்தப் பொருளையும் மூன்று பேர் தனித்தனியே எண்ணி, எண்ணிக்கையை உறையில் போட்டு ஒட்டித் தலைவரிடம் தர வேண்டும். இருந்தது ஒரு கம்பளம். மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய் எண்ணிவிட்டு வந்தார்கள். உறையைப் பிரித்தால் இரண்டு உறையில் 'ஒன்று' என்றும், மூன்றாவதில் 'இரண்டு' என்றும் இருந்தது. மூன்றாவது ஆள் வாசல் மிதியடியையும் சேர்த்துவிட்டார். விடுவாரா? மிதியடியும் நெய்ததுதானே என்று பிடிவாதம் பிடித்தார். அவசரக் கூட்டம் போட்டார்கள். ஒன்றரை மணி நேரம் நடந்த அந்தக் கூட்டத்துக்குக் குல்சும் பாலாடைக்கட்டி வைத்து முப்பது ரொட்டி சுட்டாள். கடைசியில் வாக்கெடுப்பு நடத்தி, ஒரு கம்பளம் ஒரு கம்பளம்தான் என்று முடிவாயிற்று.

பிறகு பதிவேட்டைப் பிரித்தார்கள். எழுபத்தாறாம் வருஷம் ஒரு குமாஸ்தா வந்து எழுதிப்போனது. துர்குத் பே உரக்கப் படித்தார்.

"அளவு, பெரியது."

"பெரியதுதான்," என்றார்கள் எல்லாரும்.

"நிறம், சிவப்பு. ஓரத்தில் சதுரமாக ஒரு வெட்டு."

"இருக்கு ஐயா, இருக்கு!"

"பழசு, மிகவும்."

எல்லாரும் குனிந்து கம்பளத்தைப் பார்த்தார்கள். பெரிஹான் அம்மா குனிந்து கம்பளத்தில் கையை வைத்தாள். பட்டென்று ஷாக் அடித்துக் கையை இழுத்துக்கொண்டாள். பிளாஸ்டிக் நூல், குளிர் நாளில் அப்படித்தான் செய்யும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதில் காலைத் தேய்த்துவிட்டு ஒருவர் காதை ஒருவர் தொட்டு விளையாடுவார்கள்.

"பாத்தீங்களா!" துர்குத் பேவின் குரல் தழுதழுத்தது. "தொட்டதும் உடம்பு அதிருது பாருங்க. முன்னோருடைய மூச்சு அது! எழுதிக்கோங்க. மோதினாரே, இதுல பூச்சி அரிச்சிருக்கா?"

"இல்லீங்க ஐயா. பூச்சி கிட்டவே வராது."

"சாயம் போச்சா?"

"பதினஞ்சு வருஷமா... எப்பவுமே போனதில்லீங்க."

"அந்தக் காலத்துக்காரன் கைப்பக்குவம். இன்னைக்கு எவனுக்கு வரும்? பெரிஹான், முடிச்சு எத்தனை?"

அவள் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். மெஷின் கம்பளத்தில் முடிச்சு ஏது? "எண்ண முடியல ஐயா," என்றாள் மெல்ல.

"எண்ணிலடங்காத முடிச்சுகள்," என்று துர்குத் பே சொல்லச் சொல்லக் குமாஸ்தா எழுதினார்.

அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன். கம்பளத்தின் மூலையில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைத் துணிச்சீட்டு நீட்டிக்கொண்டிருந்தது. ஃபாக்டரிக்காரன் தைத்தது. வெந்நீரில் அலசலாம், இஸ்திரி போடக்கூடாது என்று படம் போட்டிருக்கும். பதினைந்து வருஷமாக அது என் கண்ணில் படவே இல்லை. இன்றைக்குப் பட்டுத் தொலைத்தது. பெரிஹான் அம்மாவின் கண்ணிலும் பட்டது. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அவ்வளவுதான், முடிந்தது கதை, குல்சும் இனி யார் வீட்டுக்கு மாவு பிசையப் போவாளோ என்று நினைத்தேன். அவள் சாவகாசமாக மண்டியிட்டு, அந்தச் சீட்டை விரலால் உள்ளே மடித்துத் தள்ளினாள்.

காலணி அடுக்கருகே என்னிடம் வந்து ரகசியமாகப் பேசினாள். "மோதினார் அண்ணே, எனக்கு ரெண்டு குழந்தைங்க. போன வருஷம் ஒரு ஊர்ல, இது பழசில்லைன்னு சொன்ன இன்னொரு நிபுணர் அம்மாவக் கிழக்க மலை எல்லைக்கு மாத்திட்டாங்க. அங்க ஆறு மாசம் பனி. நீங்களும் ஒண்ணும் பாக்கல, நானும் ஒண்ணும் பாக்கல. சரியா?"

சொல்லிவிட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பயப்படுகிறவன் நான் ஒருத்தன்தான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொருத்தி சேர்ந்ததில் பயம் பாதியாகக் குறைய வேண்டும், இல்லையா? இரண்டு மடங்காயிற்று.

துர்குத் பே கம்பளத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். இவ்வளவு பெரிய பொக்கிஷத்தை மிதிக்க விடலாமா என்று கேட்டார். பரம்பரை பரம்பரையாக இங்கே கிடந்த கம்பளம் இதுவே என்று நான்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முத்து முத்தான எழுத்து. மறுநாளிலிருந்து ஊர் ஃப்ரிட்ஜ் அட்டைப்பெட்டியை விரித்துத் தொழுதது. ஸுஜூதில் தரையில் நெற்றி வைத்து எழுந்தால் நெற்றியில் 'இந்தப் பக்கம் மேலே' என்று அச்சு விழுந்திருக்கும்.

வசந்த காலத்தில் டவுன் அருங்காட்சியகத்தில் விழா வைத்தார்கள். அமைச்சர் ரிப்பன் வெட்டினார். எங்கள் மெஷின் கம்பளம் கண்ணாடிப் பெட்டிக்குள், மங்கலான வெளிச்சத்தில், பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு காவலாளி. ஐரோப்பாவிலிருந்து கம்பளப் பிரியர்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். என்னை மேடையில் உட்கார வைத்துவிட்டார்கள். துர்குத் பே பேசினார்:

"ஐரோப்பியர் எதுக்காக நம்ம கம்பளத்தைத் தேடி வர்றாங்க? அவங்களுக்கு எல்லாம் இருக்கு, பழசு மட்டும் இல்லை. நமக்குப் பழசு இருக்கு, அது எங்க இருக்குன்னுதான் தெரியல. அதுக்குத்தான் இந்த வாரியம்! இந்த வாரியம் எண்ண ஆரம்பிச்ச நாள்லதான் இவ்வளவு திருட்டுப் போயிருக்குன்னே தெரிய வந்தது. எண்ணாமலே இருந்திருந்தா ஒண்ணுகூடக் காணாமப் போயிருக்காதுன்னு சில பேர் பேசறாங்க. அவங்களுக்கு நான் சொல்லிக்கறேன், எத்தனை காணாமப் போனாலும் சரி, இந்த வாரியம் எண்ணிக்கிட்டே இருக்கும்!"

கைதட்டல் காதைப் பிளந்தது. ஐரோப்பாக்காரர்களில் நரைத்த தாடிக்காரர் ஒருவர் மட்டும் கண்ணாடிமேல் மூக்கை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, மேடையிலிருந்த என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். யா அல்லாஹ்! நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. அதற்கப்புறம் தெருவில் எந்தக் காரின் சத்தம் கேட்டாலும் நான் கோழிக்கூண்டுக்குப் பின்னால்தான் நிற்பேன். கோழிகளுக்குப் பழகிவிட்டது.

இலையுதிர்காலத்தில் ஒரு கார் வந்தது. ஜெர்மன் நம்பர். மேலே நீளமாய் ஒரு சுருள், தார்ப்பாயில் கட்டியிருந்தது. இறங்கியவள் எழுபது வயதிருக்கும் ஒரு அம்மா. பேர் அன்னெக்ரெட். ஹைரி பன்னிரண்டு வருஷம் அந்த நாட்டுக் கார் ஃபாக்டரியில் வேலை பார்த்தவன், அவன்தான் பேச்சைத் திருப்பிச் சொன்னான்.

"இவங்க வீட்டுக்காரர் போன வருஷம் மவுத்தாயிட்டாராம். இந்தக் கம்பளத்தைச் சுவத்துல மாட்டிப் பதினாலு வருஷம் அதுக்கு எதிர்லயே உக்காந்திருந்தாராம். அவர் காகிதத்தையெல்லாம் ஒழிக்கறப்போ வித்த தாள் கெடச்சுதாம். பள்ளிவாசல் சொத்துன்னு இவங்களுக்கு இப்பதான் தெரியுமாம். திருப்பிக் கொடுக்க வந்திருக்காங்க."

அவள் நீட்டிய தாளில் என் கையெழுத்து, பதினைந்து வருஷம் கழித்தும் முத்து முத்தாக இருந்தது. 'இது உங்ககிட்டயே இருக்கட்டும்' என்று சைகை காட்டினாள். வாங்கிச் சட்டைப்பையில் போட்டேன். அது பையில் நெருப்பாகச் சுட்டது.

"சுவத்துல மாட்டினா எப்படிடா தொழுவாங்க?" என்றேன் ஹைரியிடம்.

"தொழ மாட்டாங்கடா. பாப்பாங்க."

அவள் ஒரு தடிப் புத்தகத்தையும் காட்டினாள். இந்தக் கம்பளத்தின் படம் போட்டு இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தது. ஹைரி படித்துவிட்டு என் காதருகே குனிந்தான். "அந்தச் சதுரம் இருக்கே, அது நெய்தவள் தன்னோட ஆன்மா வெளிய போறதுக்கு விட்ட வாசலாம். இந்தக் கறுப்புப் பொத்தல் ஓநாயோட கண்ணாம்."

"அது அடுப்புக் கங்குடா. சதுரம் நான் ஆட்டுக் கத்தரியால வெட்டினது."

"அதையெல்லாம் என்னால ஜெர்மன்ல சொல்ல முடியாது. பாவம், புருஷன் போன பொம்பள."

அட்டைகளை அள்ளி எறிந்துவிட்டுக் கம்பளத்தை விரித்தோம். ஓரத்துச் சதுரம் நடுத்தூணின் இரண்டு பக்கமும் விரலிடுக்கு இல்லாமல் போய்ப் பொருந்தியது. அந்தச் சிவப்பை நான் மறந்தே போயிருந்தேன். அன்னெக்ரெட் அம்மா ஓரத்திலேயே நின்றாள். பதினாலு வருஷத்தில் ஒரு தடவைகூட அதன்மேல் கால் வைத்ததில்லையாம். "வைங்கம்மா," என்றாள் குல்சும். ஷூவைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள். நின்றவள் அப்படியே உட்கார்ந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவளுக்குப் புருஷன் நினைப்பு. எனக்கு வெட்கம். ஒரு ஒலிபெருக்கிக்காக மவுத்தான ஒருவரைப் போர்த்தியதைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்!

நாலாம் நாள் மூன்று கார், ஒன்பது பேர், ஒரு ஜீப். டீக்கடையில் எவனோ டவுனுக்குப் போன் போட்டுவிட்டான். துர்குத் பே பள்ளிவாசல் வாசலிலேயே நாற்காலி போட்டு விசாரணையை ஆரம்பித்தார். ஊரே முற்றத்தில் நின்றது.

"அம்மா, நீங்க கொண்டாந்திருக்கறது ஒரு கம்பளம்ங்கற வரைக்கும் ஒத்துக்கறேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை ஒத்துக்க முடியாது. அசல் எங்ககிட்ட கண்ணாடிப் பெட்டியில இருக்கு. அசல்னா ஒண்ணுதான். மூணு பேர் எண்ணியிருக்கோம்."

அன்னெக்ரெட் அம்மா கேட்டதை ஹைரி சொன்னான். "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்களேன்னு கேக்கறாங்க."

"ஒப்பிட்டுப் பாக்கறது சந்தேகப்படறவங்க செய்யற வேலை. வாரியத்துக்குச் சந்தேகம் கிடையாது. அதோட, எங்க படிவத்துல திருட்டு, விற்பனை, தொலைந்தது, இந்த மூணுக்கும்தான் கட்டம் இருக்கு. திரும்பி வந்ததுன்னு கட்டமே கிடையாது. ஐரோப்பியர் வாங்குவாங்க, அதுதான் அவங்க வழக்கம். திருப்பிக் கொடுக்கறதுன்னா அதுல ஏதோ உள்நோக்கம் இருக்கு."

"ஆனா ஐயா, இது தூணுக்குக் கச்சிதமாப் பொருந்துதே?" என்று ஹைரி தன் சொந்த வாயால் கேட்டான். அவனைக் கொன்று போடலாம் போலிருந்தது எனக்கு.

துர்குத் பே எட்டிப் பார்த்தார். முகம் மாறியது. "அப்படின்னா போலி செஞ்சவன் தூணை அளந்திருக்கான். அந்நியனுக்குத் தூணை அளக்க விட்டது யாரு?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பின. ஜாந்தர்மாக்காரன் பெல்ட்டைச் சரிசெய்தான். விற்றேன் என்றால் ஜெயில். விற்கவில்லை என்றால் தூணை அளக்கவிட்ட குற்றத்துக்கு ஜெயில். எந்த ஜெயில் கொஞ்சம் சூடாக இருக்கும் என்று யோசிக்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

நல்ல வேளை, இல்லை, கெட்ட வேளை, துர்குத் பேவுக்கு இன்னொன்று தோன்றியது. "இருங்க, இருங்க. அசலும் இந்தத் தூணுக்குப் பொருந்துச்சு. போலியும் பொருந்துது. ரெண்டு கம்பளத்துக்கும் பொருந்தற தூண் எப்படிய்யா யோக்கியமான தூணா இருக்க முடியும்? பெரிஹான், பதிவேட்டைப் பாரு. தூண் இருக்கா?"

அவள் பக்கம் புரட்டினாள். "தூணுன்னு எதுவும் எழுதலை ஐயா."

"அதானே பாத்தேன்! பதிவாகாத தூண். ஆக்கிரமிப்பு. இதை எடுத்துட்டா எல்லாச் சிக்கலும் தீர்ந்தது. தூண் இல்லைன்னா அந்த வெட்டு எதுக்கும் பொருந்தாது. எதுக்கும் பொருந்தாத கம்பளத்தைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க."

அந்த ஒரு தூண்மேல்தான் குறுக்கு உத்தரம் உட்கார்ந்திருக்கிறது. உத்தரத்தின்மேல் கூரை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு அதன்கீழ் அறுபது பேர் நிற்பார்கள், என் மருமகனும் பேரனும் உட்பட. கம்பளத்தைப் பெட்டியில் அடைத்து எடுத்துப்போக டவுன் தச்சரைக் கையோடு கூட்டி வந்திருந்தார்கள். அவர் பெட்டியைத் திறந்து ரம்பத்தை வெளியே எடுத்தார்.

அதைப் பார்த்ததும் நான் முன்னால் வந்து நின்றேன். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் வாய் அதைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"ஐயா! வித்தது நான்தான்! சதுரத்தை வெட்டினதும் நான்தான், ஆட்டுக் கத்தரியால வெட்டினேன். நீங்க எடுத்துட்டுப் போனது மெஷின் கம்பளம். இதோ என் கையெழுத்து. என்னைப் புடிச்சுட்டுப் போங்க, தூணை விட்டுடுங்க!"

ஜாந்தர்மாக்காரன் ஓர் அடி முன்னால் வந்தான். துர்குத் பே கை நீட்டி அவனை நிறுத்தினார். நான் நீட்டிய தாளை அவர் தொடவே இல்லை, பாம்பைக் கண்ட மாதிரி பின்வாங்கினார். என் முழங்கையைப் பிடித்துக் காலணி அடுக்குப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"யோவ், பைத்தியமாய்யா உனக்கு? நீ உள்ள போனாத் தனியாவா போவ? நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். அந்தம்மா போட்டிருக்கு. மூணு பேர் எண்ணியிருக்காங்க. அமைச்சர் ரிப்பன் வெட்டியிருக்காரு. ஒரு கம்பளத்துக்காக எத்தனை பேர் தாலியறுக்கப் பாக்கற?" பிறகு முற்றத்துப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "மோதினாருக்கு மனசு தளும்பிடுச்சு! அரசாங்கம் பாராட்டின மனுஷன், குத்தம் செஞ்சேன்னு சொன்னா அரசாங்கம் நம்பிடுமா? தச்சரே, ஆரம்பிங்க."

இத்தனை மாசமாக எந்த ஜெயிலுக்குப் பயந்து கோழிக்கூண்டுக்குப் பின்னால் நின்றேனோ, அதைக் கேட்டுக் கெஞ்சினாலும் கிடைக்கவில்லை.

தச்சர் தூணைத் தட்டிப் பார்த்தார். உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். வெளியே வந்துவிட்டார். "ஐயா, இதுல கை வெச்சா கூரை உக்காந்துடும்."

"பதிவுலயே இல்லாத தூண் எப்படிய்யா கூரையைத் தாங்கும்?"

"அது எனக்குத் தெரியாதுங்க. அறுக்கச் சொன்னா அறுக்கறேன், கயித்தைக் கட்டி வெளிய இருந்தே இழுக்கறேன். ஆனா மரபுக் கட்டடத்துல எதை எடுத்தாலும், வேலை முடியற வரைக்கும் வாரியத்து அதிகாரி ஒருத்தர் பக்கத்துல நின்னு சாட்சிக் கையெழுத்துப் போடணும். உங்க ஆபீஸ் ஜன்னலை மாத்தறப்போ நீங்கதான் விதியைப் படிச்சுக் காட்டினீங்க."

துர்குத் பே பின்னால் திரும்பினார். எட்டுப் பேரும் மலையைப் பார்த்தார்கள், முற்றத்து வால்நட் மரத்தைப் பார்த்தார்கள், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"பெரிஹான்..."

"என் உத்தரவு கம்பளத்துக்கு மட்டும்தான் ஐயா. தூண் என் பிரிவில்லை." அவள் குரல் நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

"மோதினாரே, நீங்க ஒரு நிமிஷம்..."

"நான் வாரியத்துல இல்லீங்களே ஐயா," என்றேன். பிறகு, எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். "நீங்க உள்ள போங்க. பயப்படாதீங்க. இல்லாத தூணை எடுத்தா என்ன விழப் போகுது?"

துர்குத் பே வாசற்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார். ஒரு லேசை அவிழ்த்தார். உள்ளே உத்தரத்தை நிமிர்ந்து பார்த்தார். அடுத்த லேசில் கையை வைத்தார், முடிச்சு அவிழவில்லை. விரல்கள் நடுங்கின. அந்த நடுக்கம் எனக்கு அத்துப்படி. எந்த விரலில் தொடங்கி எந்த விரலில் முடியும் என்று என்னால் சொல்ல முடியும். அவர் அப்படி நடுங்குவதைப் பார்த்தால் குளுகுளுவென்று இருக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். இல்லை. பாவமாகத்தான் இருந்தது.

குனிந்து அவர் காலைப் பிடித்தேன். அவர் திடுக்கிட்டார். அவிழ்ந்திருந்த லேசை இழுத்து இறுக்கி, இரட்டை முடிச்சாகப் போட்டுவிட்டேன்.

"மழை வரும் போல இருக்குங்க ஐயா. டவுனுக்குப் போய்ச் சேருங்க."

வானத்தில் மேகமே இல்லை. "ஆமா ஆமா, மழை," என்று சொல்லிக்கொண்டே எழுந்து காரை நோக்கி நடந்தார். ஒன்பது பேரும் ஏறிக்கொண்டார்கள். தச்சர் ரம்பத்தைத் துணியில் சுற்றினார். பெரிஹான் அம்மா காருக்குள்ளிருந்து பதிவேட்டைப் பிரித்துப் பேனாவைத் திறந்தாள்.

"ஐயா, உள்ள கிடக்கற இந்தக் கம்பளத்தை என்னன்னு எழுதறது?"

"ஒண்ணும் எழுதாத," என்றார் துர்குத் பே, எங்கள் பக்கம் பார்க்காமலே. "எழுதினா எண்ண வேண்டி வரும்."